சமமாகப் பங்கிட்ட மண்ணெண்ணெய்

நமது சிறுதொழில் மன்றத்தில் சேர்ந்த முதல் கிழமையிலேயே ஒரு விண்ணப்பப் படிவத்தை உங்கள் கையில் தந்திருப்பார்கள். தொழில் என்ன, இடம் எது, என்ன தேவை, எவ்வளவு தேவை என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றுக்கு அடுத்ததாக ‘எந்த நாளுக்குள்’ என்று ஒரு கட்டம். அது எதற்கு என்று உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உண்மை என்னவென்றால், அது நான் விட்ட ஒரு பிழையால் வந்த கட்டம். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பிழையை ஒளிக்காமல் சொல்வதுதான் முறை.

தொண்ணூறுகளின் தொடக்கம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. போரால் எரிபொருள் வரும் வழிகள் எல்லாம் அடைபட்டிருந்தன. எப்போதாவது வந்து, மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி மூலம் பங்கிடப்படும் மண்ணெண்ணெய்தான் எல்லாவற்றுக்கும். விளக்கு எரிந்ததும் அதில்தான், தோட்டத்துப் பம்ப் இறைத்ததும் அதில்தான். டீசல் எஞ்சின்களைக்கூட, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கியிருந்தார்கள் எங்கள் மெக்கானிக்குகள்.

நான் அப்போது மன்றத்தின் செயலாளர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் வரைக்கும் கொழும்பில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன். உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தபோது, இனி ஒருவரோடும் சண்டை சச்சரவு இல்லாத ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மன்றத்து வேலை அப்படித்தான் இருந்தது. கடிதம் எழுதுவது, கூட்டம் கூட்டுவது, வந்தவரைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைப்பது. நகரத்தில் இருந்த எங்கள் கட்டடம் குண்டில் உடைந்த பிறகு, கொக்குவிலில் ஒரு வீட்டு முன் அறையைக் கந்தோராக்கிக்கொண்டோம். ஒரு மேசை, ஒரு தட்டச்சுப் பொறி, உட்கார இரண்டு வாங்கு.

ஒரு நாள் கச்சேரியில் இருந்து அழைப்பு வந்தது. தலைவரும் நானும் போனோம். தலைவர் நகரத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர். குறைவாகக் கதைப்பவர். அங்கிருந்த அதிகாரி சொன்னார்: “சிறுதொழிலுக்கெண்டு ஒதுக்கிற எண்ணெயை ஆருக்குக் குடுக்கிறது எண்டு எங்களுக்குத் தெரியேல்லை. செல்வாக்கு உள்ளவை வந்து வாங்கிக்கொண்டு போகினம். தொழில் தெரிஞ்ச ஆக்கள் நீங்கள். பட்டியலை நீங்கள் போட்டுத் தாங்கோ.”

மன்றத்துக்கு அது பெரிய பொறுப்பு. ஒழுங்காகச் செய்தால் குடாநாட்டில் நாலு தொழில் மூச்சு விடும். பிழை விட்டால் எண்ணெய் திரும்பவும் செல்வாக்குள்ளவர்களிடமே போகும்.

இருபத்தெட்டு விண்ணப்பங்கள் வந்தன. ஐஸ் ஆலை, வெங்காயத் தோட்டங்கள், அரைக்கும் ஆலைகள், மர ஆலை, சவர்க்காரம் செய்பவர்கள், இரும்பு ஒட்டு வேலைக்காரர். எல்லோரும் கேட்டதைக் கூட்டினால், வரப்போகும் எண்ணெயைப் போல ஆறு மடங்கு வந்தது. எல்லோரும் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆறால் பிரித்தேன். கேட்டதில் ஆறில் ஒரு பங்கு, எல்லோருக்கும் ஒரே கணக்கு. தட்டச்சில் அடித்துத் தலைவரிடம் நீட்டினேன்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரியோ?” என்று கேட்டார்.

“ஓம் ஐயா. ஒருத்தரும் குறை சொல்லேலாது.”

அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தார். எனக்கு அன்று நல்ல நிம்மதி.

எண்ணெய் கொடுத்து நாலு நாள் போயிருக்கும். காலையில் கந்தோர் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் குருநகரில் சின்ன ஐஸ் ஆலை வைத்திருந்த யோசேப்பு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சைக்கிள் கரியரில் சாக்குச் சுற்றிக் கட்டியிருந்த ஒரு நீளத் தகரக் கலத்தை அவிழ்த்து எடுத்து வந்தார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. அதை என் மேசையில் கவிழ்த்தார். வெள்ளையாய் ஒரு ஐஸ் கட்டி வழுக்கி வந்து மேசையில் இருந்தது.

“தட்டிப் பாரும்,” என்றார்.

நான் விரலால் தட்டினேன். உடையவில்லை. அவர் தன் கை முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். முட்டைக் கோது போல உடைந்து, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் மேசையில் பாய்ந்து என் கோப்புகளை நனைத்தது.

“என்ன யோசேப்பண்ணை இது?”

“நீர் தந்த எண்ணெயிலை செய்த ஐஸ். தண்ணி வெளியிலை இருந்துதான் உறையும். மெசினைத் தொடங்கினால் நிப்பாட்டாமல் ஒரு பகலும் ஒரு இரவும் ஓட்டோணும். அப்பதான் நடுவுக்கை உறையும். நீர் தந்த எண்ணெய் நாலு மணித்தியாலத்துக்குத்தான் கண்டது. பாதி ஓடினால் பாதி ஐஸ் வரும் எண்டு நினைச்சீரோ? பாதி ஐஸ் எண்டு ஒண்டு இல்லை. தண்ணிதான்.”

“காணாது எண்டு முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை.”

“எழுதித் தந்தனான். எவ்வளவு வேணும் எண்டு உம்மடை தாளிலை கட்டம் இருந்தது. எழுதினனான். வாசிச்சனீரோ?”

வாசித்தேன். நம்பவில்லை. அவர் வெறுங் கலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நனைந்த தாள்களை வாங்கில் பரப்பிக் காயவிட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.

குருநகரில் கடற்கரைப் பக்கம் போனபோது பெண்கள் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் கடல்நீரேரியில் இறால் நல்ல பாடு. ஐஸ் வரும் என்ற நம்பிக்கையில், உள்ளூர்ச் சந்தைகளுக்குச் சைக்கிளில் அனுப்புவதற்காக இறாலை மூடி வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு முன்னமே எல்லாம் கெட்டுவிட்டது. இப்போது புதைத்தார்கள். யோசேப்பின் தங்கை திரேசா அங்கே நின்றார். நான் யார் என்று சொன்னேன். மண்வெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபத்தைக்கூடக் காணவில்லை.

“ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை எண்டு சொல்லியிருந்தால், நாங்கள் இறாலை வெயில்லை காயப்போட்டிருப்பம் ஐயா. கொஞ்சம் தாறம் எண்டியள். அதை நம்பித்தான் பச்சையாய் வைச்சிருந்தனாங்கள்.”

இதை எழுதும்போதும் எனக்கு அந்த வாசம் வருகிறது. நான் ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அவர்களுக்குக் கருவாடாவது மிஞ்சியிருக்கும். கொஞ்சம் கொடுத்துக் கெடுத்தேன்.

அங்கிருந்து நேரே உரும்பிராய்க்குப் போனேன். அங்கே சிவபாக்கியம் என்று ஒரு தோட்டக்காரப் பெண்மணி. கணவர் காலமான பிறகு வெங்காயத் தோட்டத்தைத் தானே பார்த்தவர். சுற்றியிருந்த தோட்டக்காரர் எல்லோருக்குமாக விண்ணப்பம் கொண்டு வந்தவரும் அவர்தான். தோட்டத்தில் ஒரு மூலை பச்சையாக இருந்தது. மிச்சம் வெங்காயத்தாள் நுனி கருகி, மஞ்சளடித்து நின்றது.

“ஒரு மூலைக்குத்தான் தண்ணி கண்டது, தம்பி,” என்றார். “எந்த மூலை தப்போணும், எது காயோணும் எண்டு நான் தெரிவுசெய்யவேண்டி வந்தது. பக்கத்துத் தோட்டத்திலை அவையும் அப்பிடித்தான் தெரிவுசெய்தவை. அது நீங்கள் உங்கை கந்தோரிலை இருந்து செய்திருக்கவேண்டிய வேலை. செய்யப் பயந்து எங்கடை தலையிலை போட்டிட்டியள்.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒருவரும் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றுதான் நான் பங்கிட்டேன். தெரிவு செய்யும் வேலை அதனால் இல்லாமல் போகவில்லை. இருபத்தெட்டுப் பேரின் முற்றத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

“அப்ப எப்பிடியக்கா பங்கிடுறது? எல்லாருக்கும் காணாதே.”

அவர் தோட்டத்து நடுவில் இருந்த கிணற்றைக் காட்டினார். “இது நாலு குடும்பத்துக்குப் பங்குக் கிணறு. நாங்கள் தண்ணியையோ பங்கிடுறனாங்கள்? நாளைத்தான் பங்கிடுறனாங்கள். திங்கள் ஒராள், செவ்வாய் ஒராள். தன்ரை நாளிலை அவர் வடிவாய் இறைப்பார். மற்றவை பாத்துக்கொண்டிருப்பினம். எவ்வளவு வேணும் எண்டு கேட்டால் எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவினம். எப்ப வேணும் எண்டு கேளுங்கோ. அதிலை பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை. வெங்காயம் கிழங்கு வைக்கிற நேரம் தண்ணி வேணும். பிடுங்கிக் கிளப்பிறதுக்குக் கிட்ட ஊத்தினால் அழுகிப் போம். நாள் மாறித் தந்தால் நானே வேண்டாம் எண்டுவன்.”

அன்று கந்தோருக்குத் திரும்பியதும் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். “நானும் கையெழுத்து வைச்சனான்,” என்றார். “நாளைக்குத் தொடங்கும்.”

அடுத்த இரண்டு கிழமையும் சைக்கிளிலேயே போயின. இருபத்தெட்டுப் பேரையும் அவரவர் தொழில் செய்யும் இடத்தில் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான். எந்த நாளுக்குள் கிடைக்காவிட்டால் உங்களுக்கு உதவாது? விசித்திரம் என்னவென்றால், எல்லோருடைய நாளும் ஒன்றில்லை. சவர்க்காரம் செய்பவர் மாதக் கடைசி வரை பொறுப்பேன் என்றார். அரைக்கும் ஆலைக்காரர் நாலு பேர் சேர்ந்து, ஊரைக் கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் அரைக்க வரச் சொல்லலாம் என்றார்கள். மர ஆலைக்காரர் தன் கைப்படவே ஒரு வெள்ளிக்கிழமையை எழுதித் தந்தார். ஆறு மடங்காகத் தெரிந்த தேவை, நாள்வாரியாக அடுத்தடுத்த முறைகளுக்குப் பரப்பிப் பார்த்தபோது ஏறக்குறைய அடங்கியது.

ஓரிடத்தில் மட்டும் முட்டியது. ஐஸ் ஆலைக்கும் வெங்காயத்துக்கும் ஒரே கிழமை. இறால் படும் காலம் அது. வெங்காயம் கிழங்கு வைக்கும் காலமும் அதுதான். வரப்போகும் எண்ணெய் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். அடுத்த எண்ணெய் பத்து நாள் கழித்துத்தான் என்று கச்சேரியில் சொல்லியிருந்தார்கள்.

இருவரையும் கந்தோருக்கு அழைத்தேன். பின்னேரம் நாலு மணிக்குள் பட்டியல் கச்சேரிக்குப் போகவேண்டும். யோசேப்பும் சிவபாக்கியமும் எதிரெதிர் வாங்கில் இருந்தார்கள். தலைவர் ஒரு பக்கம். கதைக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் வானத்தில் இரைச்சல் கேட்டது. “பொம்பர்!” என்று வெளியே யாரோ கத்தினார்கள். எல்லோரும் எழுந்து வளவுக்குள் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் இறங்கினோம். பனங்குற்றி போட்டு மண் மூட்டை அடுக்கிய சின்னக் குழி. நாலு பேரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க இருந்தோம். விமானம் சுற்றிச் சுற்றி வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

“இஞ்சை இருந்தே முடிப்பம்,” என்றார் தலைவர். “செக்கிரட்டரி, நீர் சொல்லும். நீர்தான் ரெண்டு இடமும் பாத்தனீர்.”

அதுவரை ஒருவரின் முகத்துக்கு நேரே ‘உனக்கு இல்லை’ என்று நான் சொன்னதில்லை. அந்தக் குழிக்குள் எழுந்து போகவும் இடமில்லை. சொன்னேன்.

“இந்த முறை முழுக்க ஐஸ் ஆலைக்கு. அடுத்த முறை முழுக்கத் தோட்டத்துக்கு. ஐஸைக் கையாலை செய்யேலாது. தோட்டத்துக்குக் கிணத்துத் துலாவாலை இறைக்கலாம். பத்து நாள் கையாலை சமாளிச்சால் தோட்டம் தப்பும்.”

சிவபாக்கியம் என் முகத்தை நேரே பார்த்தார். “கையாலை எண்டு லேசாச் சொல்லிப்போட்டியள். ஆற்றை கை, தம்பி? துலா மிதிக்க ரெண்டு பேர், பட்டையைப் பிடிச்சுத் தண்ணி ஊத்த ஒராள், வாய்க்கால்லை பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற ஒராள். எங்கடை ஊரிலை இளம் பெடியங்கள் எங்கை இருக்கினம்? நானும் என்ரை கொழுந்தனும் கிழவனும் கிழவியுமாய் மிதிக்கிறதோ?”

அதை நான் யோசிக்கவே இல்லை. சரியான முடிவுதான், ஆனால் அதைச் சுமக்கப் போகிறவர் யார் என்று கேளாமல் எடுத்த முடிவு.

யோசேப்புதான் கதைத்தார். “எங்கடை ஆக்கள் விடிய முதல் தொழிலுக்குப் போய் எட்டு மணிக்கெல்லாம் கரைக்கு வந்திடுவினம். பேந்து சும்மாதான் இருக்கினம். ஆறு பேரைத் தாறன். பத்து நாளும் பத்து மணிக்கு வருவினம்.”

சாதி பார்த்து, கரையோர ஆட்களைத் தங்கள் கிணற்றடிக்கு விடாத வீடுகள் தோட்ட ஊர்களில் அப்போதும் இருந்தன. எனக்குத் தெரியும். யோசேப்புக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவர் அதைச் சொன்னார். விமான இரைச்சல் தூரமாகிக்கொண்டிருந்தது.

சிவபாக்கியம் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “பத்து மணிக்கு வந்தால் வெயில் ஏறிப்போம்,” என்றார். “ஒன்பதரைக்கு வரச் சொல்லுங்கோ. சாப்பாடு நான் தருவன்.”

நான் பட்டியலைக் கையாலேயே எழுதினேன். தலைவர் தன் முழங்காலில் வைத்துக் கையெழுத்து வைத்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கச்சேரியில் கொடுத்தேன்.

மறுநாள் அந்தப் பட்டியலின் பிரதி ஒன்றைக் கந்தோர் மதிலில் ஒட்டினேன். யாருக்கு, எந்த நாள், ஏன் என்று மூன்று நிரல். மதிலுக்கு முன்னால் நின்று வாசித்தவர்கள் என்னைத் திட்டினார்கள். பென்சிலால் பட்டியலிலேயே எழுதிவிட்டுப் போனார்கள். நான் மீன் வாங்கித் தின்றுவிட்டு ஐஸ்காரருக்குக் கொடுத்ததாகக் கச்சேரிக்கு மொட்டைப் பெட்டிசம் ஒன்றும் போனது. அந்த அதிகாரி பெட்டிசத்தைக் காட்டியபோது, பட்டியலில் ‘ஏன்’ என்று எழுதிய நிரலை அவர் முன் வைத்தேன். வாசித்துவிட்டுப் பெட்டிசத்தை மடித்து என்னிடமே தந்தார். காரணத்தை எழுதி வெளியே ஒட்டுங்கள். திட்டத்தான் திட்டுவார்கள். ஆனால் அவர்கள் திட்டுவது ஒரு காரணத்தோடு வாதாடும் திட்டாக இருக்கும்.

மூன்றாம் நாள் உரும்பிராய்க்குப் போய்ப் பார்த்தேன். குருநகர் ஆட்கள் இருவர் துலாவில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைக் கண்டு, “வள்ளத்திலை நிண்டு வலை இழுக்கிறதிலும் பாக்க இது லேசு, ஐயா,” என்று சிரித்தார். சிவபாக்கியம் வரம்பில் நின்று தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். கிணற்றில் பங்குள்ள நாலு குடும்பத்தில் ஒரு குடும்பம் மட்டும், கரையோர ஆட்கள் வந்த அன்றே தன் வாசல் படலையைப் பூட்டிக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் பாத்தி அந்த முறை காய்ந்தது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐஸ் இந்த முறை நடு வரைக்கும் உறைந்தது. மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றி, சைக்கிளில் மீனோடு சந்தைகளுக்குப் போனது. உரும்பிராய்ச் சந்தையில் பல மாதத்துக்குப் பிறகு பச்சை இறாலைக் கண்டார்கள். கொண்டு போனவர்கள் திரும்பும்போது மரக்கறி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பத்தாம் நாள் அடுத்த எண்ணெய் வந்தது. கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் எண்ணெய் எடுக்க, மன்றம் ஒரு அனுமதித் துண்டு எழுதிக் கொடுக்கவேண்டும். சிவபாக்கியம் காலையிலேயே ஒரு மாட்டு வண்டியோடு வந்துவிட்டார். இரண்டு உள்ளங்கையிலும் பட்டைக் கயிறு அறுத்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்தார். நான் துண்டை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது மர ஆலைக்காரர் உள்ளே வந்தார்.

அவர் எங்கள் நிர்வாகக் குழு உறுப்பினர். மன்றத்துக்கு நிறையச் செய்தவர். கெட்ட மனிதர் அல்ல. பள்ளிக்கூடங்களுக்கு வாங்கு செய்ய மரம் அரியும் வேலை ஒன்றை எடுத்திருந்தார். அதைச் சொன்ன நாளுக்கு முன்னதாக முடித்துக் கொடுக்க ஆசைப்பட்டார்.

“தம்பி, இண்டையான் துண்டை என்ரை பேருக்கு எழுதும். இந்த மனுசிக்கு அடுத்தமுறை குடுக்கலாம். பத்து நாள் துலாவாலை இறைச்சவைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஏலாதோ?”

சிவபாக்கியம் துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தலைவரும் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்து எனக்காகச் சொல்லுவார் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

“இண்டைக்கு இவவின்ரை நாள், ஐயா,” என்றேன்.

“இந்தக் கந்தோர்க் கூரைத் தகரம் ஆர் தந்தது எண்டு உமக்குத் தெரியும்தானே?”

“தெரியும். நீங்கள்தான் தந்தனீங்கள்.”

“நாளைக்கும் நீர் என்ரை முகத்திலை முழிக்கோணும்.”

“முழிப்பன் ஐயா. உங்கடை நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. அண்டைக்கு ஆர் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்.”

துண்டை எழுதி முடித்து, சிவபாக்கியத்திடம் கொடுத்தேன். மர ஆலைக்காரர், தனக்கு வைத்த தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார். அடுத்த குழுக் கூட்டத்துக்கும் வரவில்லை. வழியில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார்.

வெள்ளிக்கிழமை காலை நான் கந்தோரைத் திறக்க வந்தபோது, அவர் எனக்கு முன்னமே வெறும் பீப்பாய்களோடு படலையடியில் நின்றார். என்னோடு கதைக்கவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. துண்டுக்காகக் கையை மட்டும் நீட்டினார்.